காசு கொடுத்து வாங்கும் சாம்பிள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெல்லம் வாங்கப் போனால் கடைக்காரர் மண்டையிலிருந்து ஒரு சில்லு உடைத்துக் கையில் கொடுப்பார். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு "உப்புக் கரிக்குதேண்ணே" என்று சொல்லி அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அத்தர் கடையில் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள், அதற்கும் காசு கிடையாது. வெற்றிலையோ கொய்யாவோ, பார்த்து, முகர்ந்து, கடித்துத்தான் வாங்குவோம். இந்தச் சில்லுக்கும் கோட்டுக்கும் உண்டான செலவு விற்பவருடையது. தன் சரக்கின் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையை நம்மிடம் காட்ட அவர் போடும் முதலீடு அது. சரக்கு மோசமென்றால் நஷ்டமும் அவருக்குத்தான். மாதிரி என்ற சொல்லுக்கு நம் ஊர்ச் சந்தையில் இத்தனை காலமும் இதுதான் பொருள்.

அந்தச் சில்லுக்கு மாதம் 599 ரூபாய் கொடுக்கும் அளவுக்கு நான் முட்டாளானது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். என்னை மட்டும் திட்டிக்கொள்வதாக உத்தேசமில்லை.

பதினான்கு மாதங்கள் ஒரு அழகுசாதனச் சந்தாப் பெட்டியை வாங்கினேன். மாதம் ஒருமுறை ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது வரும். இளஞ்சிவப்புப் பெட்டி, உள்ளே மெல்லிய தாள், அதற்குள் ஐந்து குட்டிச் சாமான்கள். மூன்று மில்லி சீரம், ஐந்து கிராம் களிம்பு, விரல் நுனி அளவு லிப்ஸ்டிக், இரண்டு ஷாம்பு பாக்கெட், ஒரு முகமூடித் தாள். முதல் மாதம் அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ரங்கவிலாச மண்டபத்துல விக்கிற சொப்பு சாமான் மாதிரி இருக்கு" என்றாள். அம்மா சொன்னது சரிதான் என்று எனக்குப் புரிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. சொப்புப் பாத்திரத்தில் சோறு பொங்காது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் மனம் ஆறும். சந்தாவை நிறுத்திய அன்று எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிக் கணக்கெடுத்தேன். 14 மாதங்கள், 70 பொருட்கள், 8,386 ரூபாய். அதில் கடைசிச் சொட்டுவரை தீர்த்தவை 11. ஓரிரு முறை தொட்டுவிட்டு மறந்தவை 23. பிரிக்காமலே கிடந்தவை 19. அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்தவை 17. மாதிரியைப் பார்த்துப் பிடித்துப்போய் முழு பாட்டிலாக வாங்கியவை வெறும் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று இன்றும் பாதி பாட்டிலாகக் குளியலறை ஜன்னலில் நிற்கிறது.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருக்கும். "உள்ளே இருப்பதன் மதிப்பு ரூ. 1,850" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருப்பார்கள். முழு பாட்டிலின் அதிகபட்ச விலையை மில்லிக்கு வகுத்து வரும் மதிப்பு அது. இந்தக் கணக்குப்படி கடைக்காரர் கொடுத்த வெல்லச் சில்லுக்கும் ஒரு விலை போடலாம், அதற்கு நான்கு சில்லு லாபம் என்று சந்தோஷப்படலாம்.

இந்த வியாபாரம் பெரிய அளவில் தொடங்கியது 2010இல், நியூயார்க்கில். பிர்ச்பாக்ஸ் என்ற நிறுவனத்தை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த இரண்டு பெண்கள் தொடங்கினார்கள். மாதம் 10 டாலர், பெட்டி நிறைய சாம்பிள்கள். பெரிய கடைகளில் அழகுசாதன மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை அழகான பெட்டியில் போட்டுக் காசு கேட்டார்கள், உலகமும் கொடுத்தது. சில ஆண்டுகளில் இந்தியாவிலும் இதே மாதிரிப் பெட்டிகள் வந்தன. அவற்றில் ஃபேப் பேக் பெயர் பெற்றது. அதை நடத்தியவர்கள்தான் பின்னால் சுகர் என்ற ஒப்பனைப் பிராண்டைக் கொண்டுவந்தார்கள். சந்தாதாரர்கள் எதை விரும்புகிறார்கள் என்று பார்த்துத்தான் சொந்தச் சரக்கில் இறங்கியதாக அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நான் வாங்கியதும் வேறொரு பெட்டி. ஆனால் இந்தத் தொழிலின் சூட்சுமம் அந்தப் பேட்டிகளிலேயே இருக்கிறது. பெட்டி நம்மிடம் வருகிறது, நம்முடைய தோலின் நிறம், வயது, பருவின் எண்ணிக்கை, முடி கொட்டும் கவலை எல்லாம் அவர்களிடம் போகின்றன. ஆய்வுக்கு ஆள் பிடித்தால் ஆய்வு செய்பவர்தான் பணம் கொடுப்பார். இங்கே சோதனை எலியே மாதாமாதம் சந்தா கட்டுகிறது.

"இதெல்லாம் ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கத்தானே" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சோதனை என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். தழும்பு மங்கும், கருமை குறையும் என்று சொல்லும் எந்தச் சீரத்தையும் ஒன்றிரண்டு மாதம் விடாமல் போட்டால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மூன்று மில்லி எத்தனை நாளைக்கு வரும்? ஒரு வாரம், கஞ்சத்தனம் பண்ணினால் பத்து நாள். பலன் தெரியும் முன்பே தீர்ந்துபோகும் அளவில்தான் அந்தக் குப்பி இருக்கிறது.

இன்னொன்று. ஒரே மாதத்தில் ஐந்து புதுப் பொருட்கள். என் வேலையில், ஒரே இரவில் ஐந்து மாற்றங்களைச் சர்வரில் ஏற்றிவிட்டு மறுநாள் காலை எல்லாம் படுத்துக்கிடந்தால், எந்த மாற்றம் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் செய்யும் ஜூனியரைக் கூப்பிட்டுத் திட்டுவேன். முகத்தில் மட்டும் அதையே பதினான்கு மாதம் செய்தேன். கன்னத்தில் தடிப்பு வந்தபோது அது சீரத்தாலா, களிம்பாலா, முகமூடியாலா என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் தடிப்புக்கு ஒரு களிம்பு இருந்தது!

அப்படியானால் இது என்ன? பிரித்துப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம்தான் இவர்கள் விற்கும் சரக்கு. அடுத்த 29 நாள் காத்திருப்பும் அதோடு இலவசம். பால் கார்டும் செய்தித்தாளும் சீட்டும்கூட மாதாந்திரம்தான். ஆனால் என்ன வரும் என்று தெரிந்து கட்டுவோம். என்ன வரும் என்றே தெரியாமல் மாதாமாதம் கட்டும் பணத்துக்கு நம் ஊரில் லாட்டரி என்று பெயர். அதைத் தமிழ்நாட்டில் 2003இலேயே தடைசெய்துவிட்டார்கள்.

சின்னப் பாக்கெட்டின் மேல் எனக்குப் பொதுவான வெறுப்பு எதுவும் கிடையாது. சொல்லப்போனால் சின்னப் பாக்கெட் நம் ஊர்க்காரர். கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் சாஷே என்னும் யோசனையை முன்னெடுத்தார். பெரிய பாட்டிலாக விற்றால் பணக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள், கூலி வேலை செய்பவரும் வாங்கும் அளவில் எதையும் அடைத்துத் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, அப்பாவின் பெயரிலிருந்தே எடுத்து 'சிக்' என்று ஷாம்புக்குப் பெயர் வைத்தார். அதுவரை சீயக்காயும் அரப்பும் துணி சோப்பும் போட்டுக் குளித்த கிராமத்துத் தலைகளுக்கு ஷாம்பு போய்ச் சேர்ந்தது. எந்த ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் வைத்தார். பிறகு அதைச் சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பாக்கெட்டையும் என் பெட்டிக்குள் வந்த பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு ஒன்றுதான். ஆனால் கடைப் பாக்கெட் ஒரு முழுமையான பொருள். ஒரு குளியலுக்கு ஒன்று, வேலை முடிந்தது. வாங்குகிறவர் தன் தேவை தெரிந்து, சில்லறை எண்ணிக் கொடுத்து வாங்குகிறார். என் பெட்டிக்குள் வந்தது வேண்டுமென்றே முழுமையில்லாமல் விடப்பட்ட பொருள். ஏழையிடம் "உனக்கு வேண்டிய அளவு இந்தா" என்றது சாஷே. என்னிடம் "உனக்கு இது போதாதே" என்றது சாம்பிள். முன்னது ஒரு கதவைத் திறந்தது. பின்னது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைச் சுற்றிச் சுற்றி நடக்கவிடுகிறது.

குப்பையில் மட்டும் இரண்டும் ஒன்று. பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டிய அந்த உறையைப் பிரிக்க முடியாது, பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுக்க மாட்டார், அரியமங்கலம் கிடங்குக்குத்தான் போகும். காலிப் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது ரங்கநாதனின் அந்தத் திட்டத்தில் மட்டும்தான். விளம்பரத்துக்காகச் செய்ததாகவே இருக்கட்டும், காலியைத் திருப்பி வாங்க முடியும் என்று பல வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

அடுத்தவருக்குக் கொடுத்தவை 17 என்றேன் அல்லவா? அதில் பெரும்பகுதி எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குப் போனது. கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். காலையில் மூன்று வீடு, மாலையில் பூக்கட்டு. "அக்கா, இது புதுசுதான், பிரிக்கவே இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுப்பேன். கொடுத்த நாளில் எனக்கே என் மேல் ஒரு நல்ல அபிப்பிராயம் வரும். காசு வீணாகவில்லை, ஒருவருக்கு உபகாரமும் ஆயிற்று.

ஒரு பங்குனி வெயிலில் அவர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நீ குடுத்தியே பாப்பா, அந்த சின்ன பாட்டிலு. ராத்திரி போட்டேன். எரிஞ்சுது. வேலை செய்யுது போலன்னு நெனச்சுக்கிட்டு மறுநாளும் போட்டேன். மூணு நாளு போட்டேன்."

குப்பியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். பழைய தோலை உரித்தெடுக்கும் அமிலச் சீரம். இரவில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சில சொட்டு மட்டும் போட வேண்டியது. மறுநாள் சன்ஸ்கிரீன் போடாமல் வெயிலில் போகக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் பெட்டியோடு வந்த அட்டையில் போட்டிருந்தது. அட்டையை நான் கொடுக்கவில்லை. குப்பியில் பிராண்டு பெயர், 'குளோ' என்ற சொல், ஓர் இலைப் படம். எல்லாம் ஆங்கிலத்தில். என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை.

புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டீங்க?" நான் குப்பியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னே போடலியே" என்றார். புண் ஆறிவிடும், ஆனால் கருமை போக மாதக்கணக்காகும், வெயிலில் அலையாதீர்கள் என்றார். மூன்று வீட்டுக்கு நடந்து போகிற ஒருத்தியிடம்.

பட்டியல் ஏன் இல்லை என்று பிறகு தேடினேன். நம் அழகுசாதன விதிகளில் மூலப்பொருள் பட்டியல் கட்டாயம். ஆனால் 60 மில்லிவரையிலான திரவத்துக்கும் 30 கிராம்வரையிலான களிம்பு, பொடி வகைகளுக்கும் அது தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. சின்ன டப்பாவில் எழுத இடம் போதாது என்ற நியாயத்தில் வைத்திருப்பார்கள் போல. விளைவு என்ன? முழு பாட்டிலில் தெரிந்துகொள்ள எனக்கு இருக்கும் உரிமை, மாதிரிக் குப்பியில் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பொருளை முதன்முதலாகத் தோலில் போட்டுப் பார்க்கும் தருணத்தில்தான் அதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டும். அந்தத் தருணத்தில்தான் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி குளித்த நீருக்கே கடலாடு காதை கணக்குச் சொல்கிறது, பத்து துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று. உரைகாரர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விரித்திருக்கிறார்கள். காப்பியத்தில் வரும் குளியல் தண்ணீருக்கு இருக்கும் பட்டியல், என் வீட்டு அக்கா முகத்தில் பூசிய மருந்துக்கு இல்லை.

அந்த நிறுவனத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க என்னால் முடியாது. பட்டியலில்லாத குப்பி என் கையில் வந்தபோது அதோடு ஓர் அட்டையாவது இருந்தது. அவர் கைக்குப் போனபோது அதுவும் இல்லை. எனக்கு ஆகாததை, நான் போட பயந்ததை, தானம் என்ற பெயரில் தள்ளிவிட்டேன். பிடிக்காத பொருள் இப்படித்தான் படியிறங்குகிறது. கம்பெனியிலிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவருக்கு. ஒவ்வொரு படியிலும் தகவல் குறைகிறது, ஆபத்து கூடுகிறது. இந்த விநியோகச் சங்கிலியில் நான் கடைசி டீலர். கமிஷனாக எனக்குக் கிடைத்தது அந்த நல்ல அபிப்பிராயம்.

இந்த இடத்தில் இரண்டு தரப்பு என் பக்கம் வந்து நிற்கும். இரண்டு பேரையும் தள்ளிப் போகச் சொல்கிறேன்.

முதல் தரப்பு, "அதான் நாங்க அப்பவே சொன்னோம், நலங்குமாவு இருக்கையில இதெல்லாம் எதுக்கு" என்பவர்கள். நலங்குமாவு எனக்கும் பிடிக்கும். பாசிப்பயறும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் கார்போக அரிசியும் வாங்கி அரைத்து வைத்திருக்கிறேன். ஆனால் இயற்கையென்றால் ஆபத்தில்லை என்பது இன்னொரு விளம்பர வாசகம், அவ்வளவுதான். பொட்டு வைத்த இடத்தில் அரிப்பும் வெள்ளைத் திட்டும் வந்த அத்தைகள் எல்லார் குடும்பத்திலும் உண்டு. 'மூலிகை' என்று எழுதி ஒட்டிய, பட்டியலில்லாத டப்பா என் பெட்டியிலிருந்த குப்பிக்குத் தம்பிதான்.

இரண்டாவது தரப்பு ஆண்கள். "பொம்பளைங்க இப்படித்தான் காசைக் கரியாக்குவாங்க" என்று இந்தக் கட்டுரையை வாட்ஸப்பில் மனைவிக்கு அனுப்பப் போகிறவர்கள். என்னோடு வேலை செய்யும் ஆண்கள் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு விசைப்பலகை வாங்கி, சத்தம் சரியில்லை என்று விற்கிறார்கள். அதற்குப் பெயர் ரசனை. பெண் 599 ரூபாய்க்கு ஒரு பெட்டியைப் பிரித்தால் வீண்செலவு. காலையில் சமையல், அலுவலகம், மாமியாரின் மருந்து, பிள்ளையின் புராஜெக்ட் என்று ஓடும் ஒருத்திக்கு, தன் பெயர் எழுதி வரும் ஒரே பொருள் அந்தப் பெட்டியாக இருக்கலாம். அந்த ஐந்து நிமிடச் சந்தோஷம் பொய்யில்லை, நானும் அனுபவித்தேன். அலங்காரத்தின் மீதும் எனக்குக் கோபமில்லை. பெரிய பெருமாளுக்கே தைலக்காப்பு சாற்றும் ஊரில் இருந்துகொண்டு அலங்காரத்தைப் பழிப்பது அபத்தம். அந்தச் சந்தோஷத்தை வைத்து நம்மை ஏமாற்றுவதுதான் என் சண்டை.

சந்தாவை நிறுத்தப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்வதற்கு இரண்டு திரை, விலகுவதற்கு ஏழு. நிறுத்து என்ற பொத்தான் வெளிறிய சாம்பல் நிறம், தொடர் என்பது பளீர் சிவப்பு. ஐந்தாவது திரையில் "உங்கள் சருமத்தைக் கைவிடப் போகிறீர்களா?" என்று கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சமாக இருந்தது. ஏனென்றால், முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு விலகல் திரையை நான் கட்டியிருக்கிறேன். சாம்பல் நிறம் எவ்வளவு வெளிறியிருந்தால் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள் என்று சோதித்து, பாராட்டும் வாங்கியிருக்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. சந்தாப் பொறி அதில் ஒன்று. விதி இருக்கிறது. ஆனால் அந்தத் திரைகளைக் கட்டுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள், நாங்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் மூன்றே கோரிக்கைகள்தான். சாம்பிள் என்றால் இலவசமாகக் கொடுங்கள். காசு வாங்கினால் அது சாம்பிள் இல்லை, சரக்கு. சரக்கு என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது, எப்படிப் போடுவது, யார் போடக் கூடாது என்பதைத் தமிழில் எழுதுங்கள். இடமில்லையென்றால் தாளில் அச்சிட்டுக் குப்பியிலேயே சுற்றுங்கள், பேதி மாத்திரைக்குச் செய்ய முடிகிறது அல்லவா? மூன்றாவது, காலியைத் திருப்பி வாங்குங்கள். இந்த மூன்றும் செய்தால் தொழில் கட்டாது என்றால், இத்தனை நாளும் தொழில் ஓடியது நம் அறியாமையில் என்று அர்த்தம்.

அக்காவின் கன்னத்தில் கருமை ஆடி வரை இருந்தது. வேலைக்கு வராத ஒன்பது நாளுக்கும் எங்கள் வீட்டுச் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. மற்ற இரண்டு வீட்டில் பிடித்தார்கள், அதை நான் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். "நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். வேண்டுமென்று செய்யவில்லைதான். அது ஒரு பெரிய சமாதானமாக எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி நின்ற இரண்டாவது மாதம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார், "ஏன் பாப்பா, இப்பல்லாம் அந்த ரோஸ் டப்பா வர்றதில்லையா?"

"நிறுத்திட்டேன்க்கா."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "டப்பா மட்டும் நல்லா இருக்கும். பேத்தி பென்சில் போட்டு வெச்சுக்குவா. பழசு ஏதாவது கெடந்தா குடு" என்றார்.

பரணிலிருந்து பதினான்கையும் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான்.